மரியோவைக் கேட்டு வந்தவர்கள்

மில்லிக்கன், ரொறன்ரோ
ஒக்ரோபர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஜோசப்பினுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உம்மோடும் மாமாவோடும் இருப்பதாக. நானும் மரியோவும் சுகம். மாமா இப்போது கைகொடுத்தால் எழுந்து நிற்கிறார் என்று கேட்டது பெரிய ஆறுதல். இடுப்பு எலும்பு உடைந்த அந்த வயது மனிதருக்கு அதுவே பெரிய காரியம். மகள் பக்கத்தில் இருப்பதே அவருக்குப் பாதி மருந்து. பேசாலையில் மழை தொடங்கியிருக்கும். முற்றத்தில் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும்.

போனில் எல்லாம் பேச முடியவில்லை. அந்தப் பக்கம் மாமா படுத்திருக்கிறார், இந்தப் பக்கம் மரியோ நிற்கிறான். அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பெரிதாக்கி வாசியும். என் கையெழுத்து உமக்குப் பழக்கம்தானே.

மரியோவின் புட்போல் விஷயம் நீர் போகும்போது இருந்தது போல் இல்லை. கோடை விடுமுறையில் அமெரிக்காவில் பயிற்சி முகாமுக்குப் போனான் அல்லவா, அங்கே பார்த்தவர்கள் விடுகிறார்கள் இல்லை. ஒகாயோவில் ஒரு பல்கலைக்கழகம், மிச்சிக்கனில் ஒன்று. பள்ளிக்கூடம் முடிந்ததும் வந்து தங்களுக்கு ஆடினால் இரண்டும் முழுப் புலமைப்பரிசில் தருகிறோம் என்கின்றன. பந்தைக் கையால் எறிந்து ஆடுகிற இந்த அமெரிக்கப் புட்போலில், எறிகிறவனை இடப்பக்கத்தில் நின்று காக்கிற வேலைக்கு இவன் அளவு உயரமும் கனமும் உள்ள பிள்ளை கிடைப்பது அரிதாம். ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடாத ஒருவனுக்கு இவ்வளவு மதிப்பா என்று நான் யோசித்ததுண்டு. இப்போது யோசிக்கவும் களைப்பாக இருக்கிறது.

அவனுடைய போன் ஓய்வதில்லை. தங்கள் நிறச் சட்டையில் அவன் நிற்பது போல் படம் செய்து அனுப்புகிறார்கள். என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்கிறார்கள். அவனுடைய பிறந்தநாளுக்கு நான் எழும்பி வாழ்த்துவதற்கு முன்னமே ஒகாயோ வாழ்த்திவிட்டது. ஒருவர் சொன்னால் மற்றவருக்கு எப்படியோ தெரிந்து அவர் அதைவிடக் கூடச் சொல்கிறார். பெண் கேட்டு இரண்டு வீட்டார் ஒரே கிழமையில் வந்தால் எப்படி இருக்கும், அப்படி.

ஒகாயோவில் இருந்து ஹோல்டன் என்கிற கோச் வெள்ளிக்கிழமை ஆட்டம் பார்க்க வந்திருந்தார். இந்த மாதத்தில் தங்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியில் வைத்துப் பிள்ளைகளோடு நேரே பேசக்கூடாது என்று அவர்களுக்கு விதி இருக்கிறதாம். அந்த மனிதர் அவ்வளவு தூரம் கார் ஓடி வந்து, வேலியோரம் குளிரில் நின்று, எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். ஆட்டம் முடிந்து நான் காரை எடுக்கும்போது போன் அடித்தது. அவர்தான். அவருடைய கார் எனக்கு முன்னால் நிற்கிறது, உள்ளே வெளிச்சத்தில் அவர் பேசுவது தெரிகிறது. மரியோவின் கால் அசைவைப் பற்றி வெகுநேரம் சொன்னார். பிறகு, தன்னுடைய சின்ன மகள் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் "மரியோ எப்ப வருவார்?" என்று கேட்கிறாள் என்றார். எனக்கு அது மனதில் பட்டது. உண்மையைச் சொன்னால் சந்தோசமாக இருந்தது.

உமக்கு யாரோ வெள்ளைக்காரர் "வணக்கம் அம்மா" என்று குரல் பதிந்து அனுப்பியதாகப் பயந்துபோய்ச் சொன்னீரே, அது இவர்தான். வீட்டில் முடிவு எடுப்பது யார் என்று என்னிடம் கேட்டார். தாய்தான் என்றேன். மரியோவிடம் உம்முடைய நம்பரை வாங்கிவிட்டார்.

இங்கேயே ஒன்ராறியோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தும் ஒருவர் வந்தார். வின்சன்ற் என்று எங்கடை தமிழ்ப் பிள்ளை, பிக்கரிங்கில் வளர்ந்தவர், அங்கே உதவிக் கோச். பிளாசாவில் வடை வாங்கி வைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். மரியோ ஒரு கண்ணைப் போனில் வைத்துக்கொண்டே இருந்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாசலில் சப்பாத்துப் போடும்போது அவர் சொன்னார்: "அங்கிள், அவை குடுக்கிற மாதிரி எங்களால குடுக்க ஏலாது. ஆனா இவன் படிப்பை முடிச்சுத்தான் வெளியில வருவான். அதை நான் பாத்துக்கொள்ளுவன்." மரியோவுக்கு இரண்டு முறை செய்தி அனுப்பினாராம். இவன் பதில் போடவில்லை.

என் முதுகு அப்படியேதான். வெயர்ஹவுசில் சாமான் தூக்குகிற போர்க்லிப்ற் வண்டியில் இருந்து இறங்கும்போது ஒரு கையால் கம்பியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சமையல் சமாளிக்கிறேன். மரியோ சாப்பிடுகிற அளவு உமக்குத் தெரியும்.

எப்போது வருவீர் என்று கேட்க இதை எழுதவில்லை. மாமாவைக் கவனியும்.

உம்முடைய,
இக்னேசியஸ்


மில்லிக்கன்
நவம்பர் கடைசி

அன்புள்ள ஜோசப்பினுக்கு,

மாமாவுக்கு மறுபடி காய்ச்சல் என்று அறிந்து இன்று பூசையில் அவருக்காக மெழுகுதிரி ஏற்றினேன். இப்போது நீர் அவரை விட்டு அசைய முடியாது. எனக்கு விளங்குகிறது. திரும்பத் திரும்ப விளக்கம் சொல்ல வேண்டாம்.

நாங்கள் ஒகாயோவுக்குப் போய் வந்தோம். அவர்களே அழைத்து, ஹோட்டல் எடுத்து, எல்லாம் செய்தார்கள். வேலை முடிந்த கையோடு புறப்பட்டதால் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி முகம் கழுவினேன். எல்லையில் எதற்குப் போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். மரியோ சொன்னான். அவர் எட்டி அவனுடைய தோளைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊருக்கு நல்ல காலம் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் இவன் இருக்கையிலேயே ஒரு அங்குலம் வளர்ந்துவிட்டான்.

அந்த மைதானத்தை எப்படிச் சொல்ல. மடு மாதா திருவிழாச் சனம் முழுவதையும் உள்ளே இருத்தலாம். உடை மாற்றும் அறையில் ஒரு அலுமாரியில் இவனுடைய பெயர் எழுதிச் சட்டை தொங்கவிட்டிருந்தார்கள். எங்களுடைய முழு நீளப் பெயரை ஒரு எழுத்தும் பிழையில்லாமல் முதுகில் தைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடம் யாரும் அதைச் சரியாக உச்சரித்ததுகூட இல்லை. மரியோ அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலைச் சாப்பாட்டில் ஒன்று நடந்தது. எங்களுக்குப் பின் மேசையில் ஜோர்ஜியாவில் இருந்து ஒரு தாயும் மகனும். மகன் டெரிக், இவன் ஆடும் அதே இடத்தில் ஆடுகிறவன். ஹோல்டன் அந்தத் தாயோடு இருந்து பேசிக்கொண்டிருந்தார். தன்னுடைய சின்ன மகள் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் டெரிக் எப்போது வருவார் என்று கேட்கிறாள் என்றார். அதே சொற்கள், அதே இடத்தில் நிறுத்தி ஒரு சிரிப்பு. அந்தத் தாய் கண்ணைத் துடைத்தாள். கையில் எடுத்த பாண் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

மரியோ எனக்கு முன்னால் தட்டு நிறைய முட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்டதோ தெரியாது. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய முகத்தைப் பார்த்திருந்தால் நீரும் சொல்லியிருக்க மாட்டீர்.

பின்னேரம் மைதானத்தின் நடுவில் நின்று, நான் உங்களிடம் வருகிறேன் என்று தலைமைக் கோச்சுக்கு வாய்ச்சொல் கொடுத்துவிட்டான். எல்லாரும் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். டெரிக்கும்தான். கையெழுத்து டிசம்பர் முதல் கிழமையில். அதுவரைக்கும் வாய்ச்சொல்தான், இரண்டு பக்கத்துக்கும் கட்டுப்பாடு இல்லை.

திரும்பி வரும் வழியிலேயே மிச்சிக்கன்காரருக்கு இல்லை என்று சொன்னான். அவர் கோபப்படவில்லை. ஒகாயோவில் தலைமைக் கோச்சின் கதிரை ஆடுகிறது, யோசித்துக்கொள் என்றாராம். தோற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றான் மரியோ. நான் வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது போல, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான்.

கையெழுத்து நாளுக்குப் பள்ளிக்கூடத்தில் விழா வைக்கிறார்கள். நான் இப்போதே லீவு சொல்லிவிட்டேன். நீர் வீடியோவில் பார்க்கலாம். மாமாவுக்கும் காட்டும்.

செபத்தோடு,
இக்னேசியஸ்


மில்லிக்கன்
டிசம்பர், பனி கொட்டுகிற நாள்

அன்புள்ள ஜோசப்பினுக்கு,

நீர் தினமும் போன் எடுக்கிறீர். மரியோ பேசவில்லை, நானும் அது இது என்று சொல்லி வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளும். நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

கையெழுத்துக்கு முந்தின சனிக்கிழமை ஒகாயோவில் தலைமைக் கோச்சை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். செய்தியில்தான் பார்த்தோம். மரியோ ஹோல்டனுக்கு எடுத்தான், எடுத்தான், எடுத்துக்கொண்டே இருந்தான். பதில் இல்லை. திங்கட்கிழமை யாரோ புதியவர் ஒருவர் எடுத்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். வேறு பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே மூன்று வருடம் ஆடிய பெரிய பிள்ளைகள் இருவர் மாறி வருகிறார்களாம். அதனால் இவனுக்கு வைத்திருந்த இடம் இந்த முறை இல்லையாம். சொந்தச் செலவில் வந்து சேர்ந்து முயன்று பார்க்கலாம், கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்றார். மரியோ "தாங்க்யூ சேர்" என்றான். அதைவிட வேறொன்றும் சொல்லவில்லை.

மிச்சிக்கனுக்கு நானே எடுக்கச் சொன்னேன். அவர்களும் அந்த இடத்தை நிரப்பிவிட்டார்கள்.

விழா நாள் வந்தது. லீவு சொன்னது சொன்னதுதான், வீட்டில் இருந்தேன். மரியோ பள்ளிக்கூடம் போக மாட்டான் என்று நினைத்தேன், போனான். பின்னேரம் அவனைக் கூட்டிவரப் போனபோது ஜிம்முக்குள் எட்டிப் பார்த்தேன். மேசையில் மூன்று பிள்ளைகள் தாங்கள் சேரப்போகிற பல்கலைக்கழகத்தின் தொப்பி போட்டு இருக்கிறார்கள், தாய் தகப்பன்மார் பின்னால் நிற்கிறார்கள். அவர்களில் இவனுடைய சிநேகிதன் றோயும் ஒருவன். எங்கள் மரியோ கடைசி வரிசையில் நின்று, றோய் கையெழுத்து வைத்தபோது எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினான். முடிந்ததும் கதிரைகளை மடித்து அடுக்கினான். அவனைத் தவிர ஒருவரும் அதைச் செய்யவில்லை. நான் கதவடியில் நின்றதை அவன் காணவில்லை. போய்க் காருக்குள் இருந்தேன்.

அதற்குப் பிறகு அவன் அறையை விட்டு வரவில்லை. நான் பொறுக்க முடியாமல் வின்சன்றுக்கு எடுத்தேன். அவன் பதில் போடாததற்கு மன்னிப்புக் கேட்டு, இடம் இருக்கிறதா என்று விசாரித்தேன். அவர் சொன்னார்: "அங்கிள், நீங்கள் எடுக்கக் கூடாது. அவன் எடுக்கோணும். அவன் எடுத்தா நான் கதைப்பன்."

அதை மரியோவிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, வியாழக்கிழமை ஹோல்டன் எடுத்தார். மனிதர் இப்போது தெற்கே வேறொரு பல்கலைக்கழகத்தில். குசினியில் வைத்து மரியோ போனைச் சத்தமாகப் போட்டான். நடந்ததற்கு வருந்துகிறேன், நீ இங்கே என்னிடம் வா, தலைமைக் கோச்சிடம் பேசுகிறேன், இடம் வரும் என்றார். தன்னுடைய மகள் இன்னும் கேட்கிறாளாம்.

போன் வைத்த பிறகு என்னால் அடக்க முடியவில்லை. ஒகாயோவில் காலைச் சாப்பாட்டில் நான் கேட்டதைச் சொன்னேன். மரியோ தட்டைக் கழுவிக்கொண்டே, "ஓம் அப்பா, எனக்கும் கேட்டது" என்றான். கேட்டும் ஏன் வாய்ச்சொல் கொடுத்தாய் என்று கேட்டேன். "இற்ஸ் தெயர் ஜொப், அப்பா. அது அவையின்ர வேலை. எல்லாரிட்டயும்தான் சொல்லுவினம். ஆனா என்ர பேரை அப்பிடி ஒருத்தர் சொன்னது நல்லா இருந்தது" என்றான்.

ஜோசப்பின், அவன் கழுவிய தட்டை வாங்கித் துடைத்தேன்.

அன்றிரவு ஹோல்டனுக்கு வேண்டாம் என்று ஒரு வரி எழுதினான். எனக்குக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினான். வின்சன்ற் சொன்னதை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். முகத்தைச் சுளித்தான். என்னைக் கேட்காமல் ஏன் எடுத்தீர்கள் என்று கோபப்பட்டான். இரண்டு நாள் என்னோடும் பேச்சில்லை.

இன்று காலை பூசையால் வந்து பனி தள்ளிக்கொண்டிருந்தேன். அவன் மேற்சட்டைகூடப் போடாமல் வெளியே வந்து, என் கையில் இருந்த பனி அள்ளுகிற சவல் மண்வெட்டியை வாங்கிப் பனியில் குத்தி வைத்துவிட்டு, எனக்கு முன்னால் நின்றே வின்சன்றுக்கு எடுத்தான். சொறி, மன்னியுங்கோ என்றான். உங்கள் செய்திக்குப் பதில் போடாதது என் பிழை என்றான். தமிழில் தொடங்கினான், பாதியில் இங்கிலீசுக்குப் போய்விட்டான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. இவன் ஓம் ஓம் என்று தலையை ஆட்டிக்கொண்டு நின்றான், தலையெல்லாம் பனி.

ஜனவரியில் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். இடப்பக்கத்து இடம் உறுதி இல்லை. முதல் வருடம் ஆட விடவும் மாட்டார்கள். படிப்புக் கட்டணத்தில் கொஞ்சம்தான் குறையும். இங்கிருந்து இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டம். அவன் சந்தோசமாக இருக்கிறான் என்று எழுத மாட்டேன். ஆனால் இன்று மத்தியானம் சோறு போட்டுச் சாப்பிட்டான், இரண்டாம் முறையும் கேட்டான்.

நீர் எடுக்கும்போது புட்போலைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா என்று மட்டும் கேளும். அவனே சொல்லுவான்.

மாமா தானே கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறார் என்றும் உம்முடைய தம்பி கொழும்பில் இருந்து வந்து நிற்கிறார் என்றும் நேற்றுச் சொன்னீர். நல்லது. மாமாவின் கையைப் பிடித்து நான் விசாரித்ததாகச் சொல்லும். அவரை விட்டுவிட்டு வாரும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதை எழுதவில்லை என்றே வைத்துக்கொள்ளும்.

ஜனவரிப் பயணத்தைப் பற்றி மரியோவிடம் இப்போதுதான் பேசினேன். அவனுடைய காலுக்கு எங்களுடைய காரின் பின் சீற் காணாது, முழங்கால் நெஞ்சில் முட்டும் என்பது உமக்குத் தெரியும். "அம்மா வந்தா நான் பின்னுக்கு இருக்கிறன்" என்கிறான்.

ஆண்டவர் உம்மை நல்லபடியாகக் காத்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இக்னேசியஸ்