கொதிப்பு இறங்கிய வருஷம்

12 ஆகஸ்ட் 2009, புதன்

விடியும்போதே சாரல். மலைப் பக்கம் கறுப்பு. குமரேசன் எடை 61. ரத்தக் கொதிப்பு 150க்கு 100. மருமகள் ஈஸ்வரி மறுபடி கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். அதேதான்.

மகனுக்கு ஈரல் மாற்றி ஐந்து மாதம். சென்னையில். பாதி ஈரல் என் மகள் செல்வி கொடுத்தது. தேனி டாக்டரிடம் போய்வரப் பழனிசெட்டிபட்டியில் வாடகை வீடு. தெரிந்ததையே எழுதுகிறேன், கை பழகட்டும். பள்ளிக்கூடம் மிதிக்காதவன். மார்க்கெட்டில் மூட்டை சுமந்தபோது சாக்கின் மேல் பார்த்துப் படித்த எழுத்து. உரக்கடையில் கொடுத்த டைரி. நான் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது.

டாக்டரிடம் போகலாம் என்றாள் ஈஸ்வரி. குமரேசன் சிரிக்கிறான். "போனா இன்னொரு மாத்திரை எழுதுவாக. இப்பவே பதினொன்னு முழுங்குறேன். அப்பாவோட முருங்கைக் கொழுந்துச் சாறு இருக்குல்ல? அன்னைக்கு எப்படி இறக்குச்சு!"

துணி நனைகிறது என்று சொல்லி எழுந்து போனேன். கொடியில் துணியே இல்லை.

13, வியாழன்

தேனி டாக்டரிடம் ஒன்பதாம் நம்பர் டோக்கன். பக்கத்தில் இருந்த ஆள்: "ஈரலா? தண்ணியோ?"

"பச்சத்தண்ணிதாண்ணே," என்றான் குமரேசன். குடித்ததே இல்லை அவன். ரத்தத்தில் புகுந்த கிருமி ஈரலைத் தின்றது.

மகனை வெளியே அனுப்பிவிட்டு, நேற்றிலிருந்து உறுத்தியதை டாக்டரிடம் கேட்டேன். "ஐயா, முந்தி இவனுக்குக் கொதிப்பு இருந்துச்சு. நான் சாறு குடுத்தேன். இறங்கிருச்சு. சாறுனாலயா?"

"வாய்க்காலை அகலமா வெட்டிவிட்டா தண்ணி மட்டம் என்னாகும் பெரியவரே?"

"இறங்கும்."

"ஈரல் கெட்டா ரத்தக் குழாயெல்லாம் அப்படித்தான் விரிஞ்சுரும். அழுத்தம் இறங்கும். இதயம் ஓடி ஓடி ஈடுகட்டும். கை சூடா இருந்திருக்குமே?"

"செவப்பாவும் இருந்துச்சு."

"அதேதான். இப்ப புது ஈரல் வேலை செய்யுது, குழாய் சரியாகிருச்சு. ஈரலைக் காக்கிற மாத்திரையும் குழாயை இறுக்கும். அதான் ஏறுது. கொதிப்புக்கு மாத்திரை எழுதியிருக்கேன். சாறு கீறு வேணாம். ஈரல் மாத்திரையோட அளவைக் கெடுத்தாலும் கெடுத்துரும்."

சென்னையில் ஈரலை அறுக்கும் முன் மூன்று நாள் நெஞ்சைத்தான் சோதித்தார்கள். ஊசி போட்டு, நெஞ்சை ஓடவிட்டு, தாங்குமா என்று. ஈரலுக்கு எதற்கு நெஞ்சு என்று நினைத்தேன். இன்றைக்குத்தான் விளங்கியது.

பஸ்ஸில் குமரேசனை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். ஜன்னல் சீட்டு.

14, வெள்ளி

காற்று. 152க்கு 100. எனக்குத் தூக்கம் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முந்தி. தை மாதம் சாறு தொடங்கியது. வைகாசியில் 110. ஆனியில் கருப்பசாமிக்குக் கிடா. நாற்பது பேருக்கு இலை விழுந்தது. "மூட்டை தூக்குன வைத்தியரு" என்று பங்காளிகள் கேலி. எனக்கு அதுவும் பெருமை. குமரேசன் கையைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினேன். "பாருங்கப்பா, சுண்டுனா ரத்தம் வரும்." உள்ளங்கை செக்கச்செவேல் என்று, கதகதப்பாக.

ஆவணியில் ஈஸ்வரி: "மாமா, அவுகளுக்குக் கால் வீங்குது. மதுரைக்குப் போயிப் பாத்துட்டு வருவமா?"

"கொதிப்பே இறங்கிருச்சு. திராட்சைத் தோட்டத்துல நாளெல்லாம் நிக்கிறவனுக்குக் கால் வீங்காம என்ன செய்யும்?"

அப்புறம் அவள் கேட்கவில்லை. அடுத்த ஆவணியில் குமரேசனுக்கு நீர் கோத்து வயிறு பானை மாதிரி வந்துவிட்டது.

ஒரு வருஷம். முந்தியே வந்திருந்தால் கிருமிக்கு மருந்து இருந்தது என்றார்கள் சென்னையில். செல்வியை அறுக்காமலே முடிந்திருக்கலாம்.

அரிசி தீர்ந்தது. சொல்ல வேண்டும்.

15, சனி

பள்ளிக்கூடத்தில் ஒலிபெருக்கி, கொடியேற்றம். 156க்கு 100. டாக்டர் எழுதிய மாத்திரை அட்டை பிரிக்காமல் குமரேசன் தலையணைக்கு அடியில். "சாறு குடுங்கப்பா," என்கிறான்.

சொல்லிவிட்டேன். வாய்க்கால், மட்டம், கிடா, ஈஸ்வரி கேட்டது, நான் தடுத்தது, எல்லாம்.

உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப நாப்பது இலை போட்டது என் ஈரல் கெட்டதுக்கா?"

"ஆமாடா."

சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. அட்டையைப் பிரித்து ஒன்றை முழுங்கினான். தண்ணீர் நான் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான்.

டம்ளரைத் திருப்பித் தரும்போது: "ஈஸ்வரிகிட்ட நான் சொல்லிக்கிறேன். செல்விகிட்ட நீங்கதான் சொல்லணும்."

16, ஞாயிறு

வெயில். 144க்கு 92.

சின்னமனூரிலிருந்து முதல் பஸ்ஸில் செல்வி. படி ஏறும்போது இன்னும் வயிற்றில் கை வைத்துக்கொள்கிறாள். மற்றொரு கையில் மஞ்சள் பை.

"அண்ணனுக்குக் கொதிப்புன்னு மதினி போன்ல சொன்னாக. நம்ம முருங்கை மரத்துக் கொழுந்துப்பா. இப்பத்தான் பறிச்சேன், ஈரங்கூடக் காயல. சாறு எடுங்க."

பையை வாங்கிக்கொண்டேன். கனமே இல்லை.

உட்காரு ஆத்தா என்றேன்.