கால்வாய்க்கரையில் மைனி விட்ட சைக்கிள்

என் பொன்னு மைனிக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருஷம். ஆண்டு நினைவு ஜெபத்துக்கு, அட்டையில் 'ரோஸ்லெட்' என்று உங்கள் பெயர் போட்டு, ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறார்கள். ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று உங்கள் மகள் ஷீபா உத்தரவு போட்டிருக்கிறாள். "சித்தப்பா, நீங்க தமாசாட்டு எழுதணும். மத்தவிய எல்லாம் அழுது வச்சிருக்காவ" என்றாள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். பிழை இருந்தால் அங்கே உட்கார்ந்து திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர் விசேஷம். நம்ம கால்வாய்க்கரைப் பாதை இப்போது நெய்யாற்றங்கரை டவுன் வரை நீண்டுவிட்டது. காரும் லாரியும் கிடையாது, சைக்கிளுக்கு மட்டும். என் இளநீர்க் கடை அதன் ஓரத்தில்தானே, ஞாயிறு விடிந்தால் திருவிழாதான். உடம்போடு ஒட்டிய மஞ்சள் சட்டை, தலையில் ஓட்டைபோட்ட தொப்பி. டாக்டர் வருகிறார், வக்கீல் வருகிறார். வீட்டில் காரை நிறுத்திவிட்டு வியர்த்து வடிந்து வருகிறார்கள், மைனி. வந்து கைவாட்சைப் பார்த்து யார் எத்தனை கிலோமீட்டர் என்று சண்டை. தனுவச்சபுரம் காலேஜ் பிள்ளைகளில் பாதிப்பேர் பஸ்சை மறந்தாயிற்று. பழைய இரும்பு விலைக்கு ஆக்கர் கடைக்குப் போன சைக்கிளைக்கூட மீட்டுவந்து வர்ணம் அடிக்கிறார்கள்.

பெண்கள் கூட்டம் ஒன்றும் வருகிறது. சுடிதார் போட்டவர்கள், சேலையைத் தூக்கிச் செருகியவர்கள், ஐம்பது தாண்டியவர்கள். மணியடித்துக்கொண்டு கடையைக் கடப்பார்கள். அப்போது நான் குனிந்து இளநீர் சீவுகிறேன். ஒரு வார்த்தை வாயில் வருவதில்லை. என் வாயிலா என்று கேட்பீர்கள். என் வாயில்தான்.

ஏன் என்று அண்ணனுக்கும் தெரியாது, ஷீபாவுக்கும் தெரியாது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

பாதையின் முதல் பாகம் திறந்த சமயம். பள்ளிக்கூடத்தில் கஞ்சி வைக்கிற வேலைக்கு நீங்கள் தினமும் பஸ்சில் தொங்கிக்கொண்டு போவீர்கள். பிள்ளைகள் கூட்டம் என்றால் டிரைவர் நிறுத்தாமலே போய்விடுவான். ஒருநாள் ஷீபாவின் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தீர்கள். "ஒரு நாளாவது பஸ்சுக்கு கை காட்டாம வேலைக்குப் போவணும்லே. ஒனக்க அண்ணங்கிட்ட சொல்லாத. பின்னால பிடிச்சுக்க, போதும்" என்றீர்கள்.

ஆறு நாள், விடிந்தும் விடியாமலும், மதகுக்கும் பாலத்துக்கும் நடுவில் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். "எலே வில்சா, விட்டுராதலே! நீ விட்டேன்னு வையி, ஒனக்க அண்ணன் நாளைக்கே பெண்ணு பாக்கப் போயிருவாராக்கும்!" என்று கத்துவீர்கள். "பாத்தும் வச்சாச்சு மைனி, நீங்க விழுந்தா போதும்" என்பேன். கொழுந்தன் மைனியைக் கேலி செய்யலாம் என்பது நம்ம பக்கத்துச் சட்டம். அந்தச் சட்டத்தில் என்னைவிடப் பெரிய வக்கீல் இல்லை.

ஏழாம் நாள் மதகு பக்கத்திலேயே கையை எடுத்துவிட்டேன். உங்களுக்குத் தெரியாது. பாலம் வரைக்கும் போனீர்கள், காலை ஊன்றி நின்றீர்கள். ஓடிவந்து சொன்னேன். திரும்பி மதகைப் பார்த்தீர்கள். "அப்போ அங்கேருந்து இதுவரைக்கும் நான் தனியாட்டா வந்தேன்?" என்றீர்கள். கத்தவில்லை, கேலி பேசவில்லை. சேலைத் தலைப்பால் ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டே நின்றீர்கள்.

அந்த வாரமே ஷீபாவின் கல்யாண நிச்சயம். சாப்பாடு முடிந்து சம்பந்தக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கை அரித்தது. ஒரு நாற்காலியைத் திருப்பிப்போட்டு ஏறினேன், அதுதான் சைக்கிள். தோளில் துண்டு, அதுதான் உங்கள் சேலை. "கர்த்தாவே, இதுக்க பிரேக்கு எங்கலே!" என்று கத்தினேன், ஆடினேன், கடைசியில் கால்வாய்க்குள் விழுவதாகத் தரையில் விழுந்தேன். பந்தலே சிரித்தது. நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். பாயசம் எடுத்துவருகிறேன் என்று உள்ளே போனீர்கள். பாயசத்தை வேறு யாரோ கொண்டுவந்தார்கள்.

மறுநாள் பாதையில் காத்து நின்றேன். நீங்கள் வரவில்லை. "முட்டு வலிக்குதுலே" என்றீர்கள். "அப்போ அண்ணனுக்கு வேற பெண்ணு கெடைக்காதா?" என்றேன். அதற்கும் சிரித்தீர்கள். நானும் விட்டுவிட்டேன்.

விழாத உங்களை நான்தான் விழவைத்தேன் மைனி. விழாமல் போனால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அப்புறம் அது குடும்பச் சொத்து ஆகிவிட்டது. எந்த விசேஷத்திலும், "எலே, மைனி சைக்கிள் விட்டதக் காட்டு" என்பார்கள். உங்களை அடக்கம் செய்த மூன்றாம் நாள், அண்ணன் பச்சைத்தண்ணீர் குடிக்காமல் கிடந்தபோதும் என்னைத்தான் தள்ளிவிட்டார்கள். காட்டினேன். அண்ணன் சிரித்தார், அழுதார், பிறகு கஞ்சி குடித்தார். அந்தக் கஞ்சியை நினைத்துத்தான், நீங்கள் விழவே இல்லை என்று சொல்ல இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் பெண்கள் கூட்டத்தை நடத்துகிற டீச்சர் இளநீர் குடிக்க நின்றார். டவுன்காரர், என்னைத் தெரியாது. அவர் மலையாளத்தில் சொன்னதை நம்ம பேச்சில் எழுதுகிறேன்: "மொதல் சைக்கிள் ஓட்டத்துக்கு ரோஸ்லெட்டுன்னு ஒரு அக்கா பேரு தந்தாவ. பொறவு வந்து, பேர வெட்டிருங்கன்னாவ. ஓட்டத் தெரியாதான்னு கேட்டேன். 'தெரியும் டீச்சரே. வழியில எனக்க கொழுந்தனுக்க கடை உண்டு. அவன் நல்லவனாக்கும். அதுக்க முன்னால போவ எனக்குத்தான் வெக்கம்'ன்னாவ." சொல்லிவிட்டு டீச்சர் கேட்டார், "இந்தப் பாதையில எந்தக் கடை அண்ணே அது?" இப்போது ஏழெட்டுக் கடை இருக்கிறதல்லவா. தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வார்த்தை ஏசியிருக்கக் கூடாதா மைனி? முடி வெட்டாததற்கு ஏசினீர்கள், ஜெபத்துக்கு வராததற்கு ஏசினீர்கள். இதற்கு மட்டும் ஏன் சிரித்தீர்கள்? கடையை ஒருநாள் அடைத்துப்போடு என்றால் அடைத்திருக்க மாட்டேனா? முட்டுவலி என்று சொன்னபோது உங்கள் முகத்தை ஒருதரம் நேராகப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா? நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, அவர்கள் சிரிக்கிறார்களா என்று மட்டும்தான் பார்ப்பேன்.

ஷீபாவே, மக்கா, தமாஷ் கேட்டாய், இதுதான் வந்தது. பக்கத்தைக் கிழித்துவிடாதே. அண்ணனுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது, நீயே வாசித்துக் காட்டு. அவர் என்னிடம் பேசாமல் போனாலும் போகட்டும். அவர் பெண்டாட்டி சைக்கிள் விட்டவள் என்று அவருக்குத் தெரியவேண்டும்.

மைனி, ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து சாப்பாடு ஆனதும் யாராவது கூப்பிடுவார்கள், எனக்குத் தெரியும். நாற்காலியில் ஏறமாட்டேன். எல்லாரையும் கால்வாய்க்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். மதகிலிருந்து பாலம் வரைக்கும் நடக்கவைப்பேன். இவ்வளவு தூரம், யாரும் பிடிக்காமல், காலை ஊன்றாமல் போனாள் என்று சொல்வேன். யாரும் சிரிக்காவிட்டால் நானும் சும்மா நிற்பேன். இது சத்தியம்.

வாய் நீளமான
உங்கள் கொழுந்தன்,
வில்சன்