சிவந்த பருப்பு

அன்புள்ள அம்மாவுக்கு, முழங்கால் வலி தேவலையா? நான் நலம். வயிறுதான் என்னோடு பேச்சுவார்த்தையில் இல்லை.

எங்கள் விடுதிச் சமையல்காரர் அண்டாவைச் சலவைச் சோடாவால் தேய்த்துவிட்டு, அலசாமலே பருப்பு வேகவைக்கிறார். சட்டையின் மஞ்சள் கறையில் நீ சோப்புப் போட்டதும் சிவக்குமே, அதே சிவப்பு நேற்று என் தட்டில்! குமட்டிக்கொண்டு வந்தது. மற்றவர்களோ கலரைப் புகழ்ந்து சப்புக்கொட்டுகிறார்கள்.

அவர் கண்ணெதிரே எலுமிச்சம்பழம் பிழிந்தேன். புளிப்பு பட்டதும் பருப்பு பழையபடி மஞ்சளானது.

"பாத்தீங்களாண்ணே, அத்தனையும் சோடா!"

"நல்ல கலரைக் கெடுத்துட்டியேப்பா! நாளையிலேருந்து யாருக்கும் எலுமிச்சம்பழம் கிடையாது."

கருமம், கருமம்!

வேலைக்கு மணி அடித்துவிட்டது. யாராவது இங்கே வந்தால் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பு. பாட்டிலை மட்டும் நீயே கழுவு, அம்மா.

உன் மகன்