கன்னத்திலிருந்து கையை எடுத்த கதை

என் பல்லை ஒருநாளும் பார்க்காத, அன்பான ரெஜினா அக்காவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருசம் ஆகப்போகிறது. அங்கே ஊர்க்கதை சொல்ல ஆள் இருக்கிறதோ தெரியாது. இருந்தாலும் என் அளவுக்கு விபரமாகச் சொல்ல மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். துறைமுகக் கந்தோரில் கிளாக்கர் வேலை நான் சம்பளத்துக்குச் செய்வது. ஊர்க்கதையை வாய்க்கு வாய் காவித் திரிவது என் சேவை.

முதற்செய்தி, பல் டொக்டர் நல்லதம்பி ஐயா மட்டக்களப்பில் மகளோடு இருக்கப் போய்விட்டார். இது எவ்வளவு பெரிய செய்தி என்று உங்களுக்கு விளங்கும். வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீமையில் மனவைத்தியம் படித்துவிட்டு வந்து, ஐயா வீட்டின் பக்கத்து அறையை எடுத்து, 'மனநல ஆலோசனை' என்று பலகை எழுதி மாட்டினீர்கள். ஒரு மாதம் காகம்கூட எட்டிப் பார்க்கவில்லை. மனதுக்கு வைத்தியம் என்றால் விசர், பைத்தியம் என்பது எங்கள் ஊரின் அகராதி. விசர்க் குடும்பம் என்று பெயர் வந்தால் அந்த வீட்டில் கலியாணமும் நடக்காது. நீங்கள் ஊரைக் கோபிக்கவில்லை. பலகையைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்க்க வைத்தீர்கள். உங்களிடம் வருகிறவர்களும் பல் டொக்டரின் வாசலில் கிடந்த நீள வாங்கிலேயே காத்திருக்கலாமா என்று ஐயாவிடம் கேட்டீர்கள்.

அன்றைக்குப் பிடித்தது திருகோணமலைக்குப் பல்வலி. கிண்ணியாவிலிருந்து துறை கடந்தும் சல்லியிலிருந்து சைக்கிளிலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போன சிலர் வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். கண் சிவந்து வந்தவர்களைப் பார்த்து, "கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப்போட்டார் போல" என்று ஊர் இரங்கியது. உண்மையாகப் பல் நொந்தவர்கள் கூட்டத்துக்குப் பயந்து வேறிடம் போனார்கள். ஐயாவுக்கு வரும்படி குறைந்து புகழ் கூடியது.

"ஏனக்கா இந்தக் கூத்து?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெக்கத்தோடயே வரட்டும் தம்பி. அதை வாசலில கழட்டி வைச்சிட்டு வாங்கோ எண்டு சொன்னா ஒருத்தரும் வராயினம். உள்ள வந்து இருந்தாப் பிறகு கை தானாக் கீழ வரும்."

கை அப்படிக் கீழே வந்ததைக் கண்ணால் கண்டவன் நான். கடலில் மூழ்கித் தப்பிய நாளிலிருந்து வாய் திறக்காத தன் ஆறு வயதுப் பிள்ளையை ஒரு கிண்ணியாக் கடைக்காரர் கூட்டிவருவார். ஐயா சாப்பிடப் போன நேரம், நீங்கள் பிள்ளையைப் பல் டொக்டரின் கதிரைக்குக் கூட்டிப்போவீர்கள். பிள்ளை டொக்டர், நீங்கள் நோயாளி. அவன் கால்கட்டையை மிதித்துக் கதிரையோடு உங்களை ஏற்றுவான், இறக்குவான், திரும்பவும் ஏற்றுவான். "ஏதாவது சொல்லு ராசா" என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. பல வாரங்களுக்குப் பிறகு ஒருநாள் உள்ளேயிருந்து, "வாயத் துறங்க" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. வாங்கில் இருந்த வாப்பாவின் கை கன்னத்திலிருந்து தானாக விழுந்தது.

நான் உங்களிடம் வந்தது என் மனைவி இறந்துபோன பிறகு. நித்திரைதான் இல்லையே தவிர, பகிடிக்குக் குறைவில்லை. அரை மணித்தியாலம் பகிடி விட்டேன். நீங்களும் வயிறு நோகச் சிரித்தீர்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வீட்டில ஆர் தம்பி சிரிக்கிறது?" என்று கேட்டீர்கள். வீட்டில் நானும் என் மகள் சாந்தியும்தான். அதற்கும் ஒரு பகிடி தேடினேன். கிடைக்கவில்லை. அன்றுதான் அழுதேன். வெளியே வந்தபோது நல்லதம்பி ஐயா, வாங்கில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "ரெண்டு நாளைக்குச் சூடா ஒண்டும் குடியாதை" என்றார்.

இப்போது ஐயாவும் இல்லை, அவருடைய பல்லுப் பலகையும் இல்லை. பொத்துவதற்குக் கன்னம் இருந்தும் பிரயோசனமில்லை. உங்களோடு ஆலோசனை வேலை செய்த ஹமீதா, உங்கள் பலகையைத் தூசி தட்டி மாட்டினாள். கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்த ஒருவர் அதை வாசித்துவிட்டு, அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனார். இந்த மாதமும் ஆள் வராவிட்டால் அறையைப் பூட்டிவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டும் என்கிறாள் ஹமீதா.

இந்த நேரம் பார்த்துத்தான் சாந்திக்கு மனம் சரியில்லாமல் போனது. பதினேழு வயது. இரவில் நித்திரையில்லை, கோப்பையில் போட்ட சோறு போட்டபடி இருக்கும். போன கிழமை அவளே கேட்டாள்.

"அப்பா, நான் ஹமீதா அக்காவிட்டப் போகோணும்."

"போவம். லேஞ்சியை மடிச்சுக் கன்னத்தில வை."

"எனக்குப் பல்லு நோகேல்லை அப்பா."

எங்களைப் பார்க்க வந்து குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த என் அக்கா குரல் கொடுத்தா. "நாளைக்கு அவளை ஆரடா கட்டுவான்? உன்ர வாயைப் போல எத்தினை வாய் இந்த ஊரில இருக்கு, தெரியுமோ?"

எனக்குத் தெரியாதா? மீன் சந்தையில் காலையில் விட்ட கதை மத்தியானத்துக்குள் கோயிலடிக்கு வந்துவிடும். அதை எத்தனை முறை நானே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் அக்கா? ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். "பயம் ஆருக்குத் தம்பி, அவளுக்கோ உமக்கோ?" என்று கேட்டிருப்பீர்கள்.

இந்தக் கதையை வேறொருவன் காவினால் என் தொழிலுக்கே அவமானம் என்று தீர்மானித்தேன். அடுத்தநாள் காலை துறையடியில் மீராசாக் காக்காவின் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். "நான் நல்லதம்பி ஐயா வீட்டுக்குப் போய்வந்தது பல்லுக்கில்லை. ரெஜினா அக்காவிட்டப் போனனான். இண்டைக்குப் பின்னேரம் மகளையும் ஹமீதாவிட்டக் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன்.

ஒருவரும் "பிறகு?" என்று கேட்காத கதை, என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். காக்கா தேத்தண்ணியை இரண்டு தரம் இழுத்து ஆற்றி என் முன்னால் வைத்தார்.

"எனக்கு வாய் முழுக்கக் கட்டுப்பல்லு. ரெண்டு வருசமாக் கன்னத்தப் பொத்திக்கிட்டுப் போனன். ஒருத்தனுக்காவது சந்தேகம் வந்திச்சாடா?"

கடை குலுங்கிச் சிரித்தது. மூலையில் இருந்த, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர் மட்டும் சிரிக்கவில்லை. சத்தம் அடங்கிய பிறகு, "ஹமீதா என்னென்ன நாளில இருக்கிறா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பின்னேரம் பலகைக்குக் கீழே, அதே வாங்கில் நானும் சாந்தியும் இருந்தோம். பழக்கதோஷத்தில் என் கை கன்னத்துக்குப் போனது. அவள் அதைப் பிடித்து இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஹமீதா கூப்பிட்டதும் எழும்பிப் போனாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. கேட்க நாக்குத் துடித்தது, கேட்கவில்லை. பாதி வழியில், "அப்பா, பசிக்குது" என்றாள். சந்தியில் நின்று வடை வாங்கிக் கொடுத்தேன். இன்னும் ஒன்று கேட்டாள்.

மகள் தேறிவிடுவாள் அக்கா. அறையும் பூட்டுப்படாது. நேற்று நாங்கள் இரண்டாம் முறை போனபோது பாரந்தூக்கிக்காரர் வந்தார், வயிற்றைப் பொத்திக்கொண்டு. வெக்கத்தோடயே வரட்டும் என்று நகர்ந்து இடம் கொடுத்தேன். சாந்தி எத்தனை முறை போக வேண்டுமோ அத்தனை முறையும் அந்த வாங்கில் நான் இருப்பேன், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு.

இப்படிக்கு,
பல்லில் ஒரு குறையுமில்லாத உங்கள் தம்பி,
ராசதுரை