லெஸ்லி மாஸ்டரின் பியானோவுக்கு நான் விட்ட எண்ணெய்

திருப்பூர், 20.7.1972 வியாழன், காலை 6.40. லெஸ்லி மாஸ்டர் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பியானோவின் எண்பத்தைந்து கட்டைகளில் சுதி நிற்பவை முப்பத்தொன்று.

அன்புள்ள குமாரவேலுக்கு, நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், பம்பாய் மழையில் நீயும் அப்படியே இருக்க முருகன் துணை. சுற்றி வளைக்க எனக்கு வராது. மாஸ்டர் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று பத்துக்கு இறந்துவிட்டார், நெஞ்சுவலி, டைப்ரைட்டிங் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு ரிப்பன் மாட்டிக்கொடுத்தபோது. நேற்று அடக்கம். தந்தி கொடுத்தாலும் நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று நான்தான் கொடுக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போய் இரண்டு மிஷினுக்கு ஊசி மாற்றினேன். பாதிரியார் அவர் வாழ்க்கையை ஆறு வரியில் முடித்தார், போத்தனூர் ரயில்வே டிரைவர் மகன், கல்கத்தா ஓட்டலில் பன்னிரண்டு வருஷம் ஜாஸ் வாசித்தவர், மனைவி போனபின் இங்கே வந்து டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர் என்று. டைப் படிக்க அனுப்பிய உன்னை அவர் பியானோ முன் உட்காரவைத்ததும், தாளம் தள்ளி விழுகிறதே என்று நான் சண்டைக்குப் போனபோது, இது மிஷின் இல்லீங்க, கொஞ்சம் பிந்தி வந்தாத்தான் கால் ஆடுமுங்க என்று சிரித்ததும் பாதிரியாருக்குத் தெரியாது.

பியானோவை உனக்கென்று எழுதி வைத்திருக்கிறார். அதைக் கெடுத்தவன் நான். போன ஆயுத பூஜைக்குக் கம்பெனி மிஷின்களைத் துடைத்து எண்ணெய் விட்ட கையோடு இங்கேயும் வந்து, அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில், கம்பி சுற்றிய ஆணிகள் அத்தனைக்கும் எண்ணெய் விட்டுச் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஆணி மரத்தை இறுகப் பிடித்தால்தான் சுதி நிற்குமாம், எண்ணெய் இறங்கினால் வழுக்குமாம். டிப்ளமா படித்த எனக்கு இது தோன்றவில்லை. பத்து மாதம் தினமும் ஆணிகளை முறுக்கிவிட்டுத்தான் வாசித்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நேற்று அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர் அய்யூப்தான், ஏனுங்க கந்தவேலு, பனியன் மிஷினுக்கும் பியானோவுக்கும் ஒரே எண்ணெய்தானுங்களா என்று உடைத்தார். கும்புட்டு ஊத்துன எண்ணெய், அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க என்று லெஸ்லி மாஸ்டர் அய்யூப்பின் வாயைக் கட்டியிருந்தாராம். உன்னிடமும் மறைத்திருப்பார். நான் மறைக்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, மாஸ்டரின் தங்கைக்கு போத்தனூர் விலாசத்தில் இரண்டு வரி எழுது. நீண்ட ஆயுளோடு நல்லபடியாக இரு. இனி நான் செய்யப்போவது:

1. இன்று சாயந்திரம் பியானோவை நம் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அய்யூப் நாலு ஆள் அனுப்புகிறார்.
2. கோயமுத்தூரில் பியானோ தெரிந்தவரைப் போய்ப் பார்ப்பேன். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன்.
3. அவர் சரி என்றால், மரத்தை மறுபடி இறுகப் பிடிக்கும்படி ஆணிகளை ஒரு இழை தடிமன் கூட்டி லேத்தில் நானே கடைவேன்.
4. நீ திட்டி எழுதினால் முழுதும் படிப்பேன்.

அப்பா,
கந்தவேல்