பெயர் போன அறுநூறு வீடியோக்கள்

அன்பு மகளுக்கு,

அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். புத்தியைப் பொறுத்தவரை என்னுடையதற்கு மட்டும்தான் என்னால் உறுதி சொல்ல முடியும்.

என் வகுப்பில் படிக்கும் காது கேளாத குழந்தைகளின் வீடுகளுக்குக் கொடுக்க, சைகைக்கு ஒன்றாக அறுநூறு சின்ன வீடியோக்கள் எடுத்து ஒரு பென் டிரைவில் வைத்திருந்தேன் அல்லவா, திங்கட்கிழமை பெற்றோர்கள் வர இருந்தார்கள், வியாழக்கிழமை உன் அப்பா அது செருகியிருக்கும்போதே லேப்டாப்பைப் பையில் திணித்து டிரைவின் மூக்கை உடைத்தார். கேட்டதற்கு, அது முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு என்றார். இன்னொரு பிரதி எடுத்து வை என்று நீ நூறு தடவை சொன்னாய், நான் எடுக்கவில்லை, அந்த முட்டாள்தனம் என்னுடையது, அதைப் பங்கு போட நான் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் அப்பா உன் சித்தப்பாவைக் கூப்பிட்டார். நம் குடும்பத்துக் கம்ப்யூட்டர் மேதை, இருபது வருடமாகப் பிரிண்டருக்கு மை மாற்றத் தெரியாத மேதை. நம்ம கை பட்டாலே சரியாயிடும் அண்ணி என்று சாய்த்துப் பிடித்துச் செருகினார், விளக்கு எரிந்தது, ஃபார்மட் பண்ணவா என்று திரை கேட்டது, நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் சித்தப்பா சரி என்று அமுக்கிவிட்டார். அது போதாதென்று, ஆடாமல் இருக்க ஒட்டுப்பசையை ஊற்றினார். அதோடு விளக்கும் அணைந்தது.

வெள்ளிக்கிழமை கடைவீதியில் செல்போன் பழுது பார்க்கும் பெண்ணிடம் போனோம். உன் வயதுதான் இருக்கும். லென்ஸில் பார்த்துவிட்டு, இத யாரு பண்ணது என்றாள். சித்தப்பா சுவரில் தொங்கிய சார்ஜர்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தார். அவள் அரை மணி நேரம் பசையைச் சுரண்டி, முடி மாதிரி நாலு கம்பிகளைப் பற்றவைத்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் முதலில் தன் கம்ப்யூட்டருக்குப் பிரதி எடுத்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள். பட்டியல்தான்மா அழிஞ்சிருக்கு, படம் அப்படியே இருக்கு, ஆனா பேர் எதுவும் திரும்ப வராது என்றாள். அறுநூறு வீடியோவும் வெறும் எண்களாக வந்தன. பெயரில்லாத சைகையை வைத்துக்கொண்டு அந்தப் பெற்றோர்கள் என்ன செய்வார்கள், சைகை தெரியாமல்தானே வருகிறார்கள். இரண்டே நாளில் ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் போட வேண்டும். பாதியை நான் செய்யறேன் என்று அப்பா உட்கார்ந்தார். உங்களுக்கு ஒரு சைகை தெரியுமா என்று கேட்டேன். உன் பின்னாடி முப்பது வருஷமா உக்காந்திருக்கேன்ல என்றார். நம்பமாட்டாய், பத்துக்கு எட்டு சரியாக இருந்தது. அதற்காகப் பாராட்டவில்லை, திருத்துவதற்கே எனக்கு நேரம் போதவில்லை, கடைசி ஐம்பதைப் பார்க்காமலே கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஒரு தாய் வீடியோவைப் பார்த்து, ஐந்து வயது மகனிடம், போதுமா, இன்னும் வேணுமா என்று கையால் கேட்டாள். அவன் அவள் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தான், யார் உள்ளே இருந்து பேசுகிறார்கள் என்பது மாதிரி. பிறகு, இன்னும் என்று காட்டினான். ஐந்து வருடத்தில் அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு அது. மூக்கைச் சிந்த நான் வெளியே போக வேண்டியதாயிற்று.

செவ்வாய்க்கிழமை அதே தாய் என்னைச் சுட்டி மகனிடம் ஏதோ காட்ட, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சருக்கு வணக்கம் சொல்லு என்றுதான் சொல்ல நினைத்தாளாம். அவள் காட்டியது, கோபத்துக்கு வணக்கம் சொல்லு. கோபம் என்ற வீடியோவுக்கு உன் அப்பா டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறார், முப்பத்தொரு வீட்டுக்கும் அது போய்விட்டது. கேட்டால், உன் முகத்தப் பாத்துதான் எழுதினேன் என்கிறார். தப்பு என்று ஒரு குழந்தைகூடச் சொல்லவில்லை.

நீங்கள் இருவரும் நிறைவாக வாழ வேண்டும். ஒரு பிரதி அனுப்புகிறேன், பத்திரமாக வை, சித்தப்பா அங்கே வந்தால் காட்டாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
(முப்பத்தொரு வீட்டில் கோபம்)