கழுத்து முறிந்த கிட்டார்

அன்புள்ள ருக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அம்மா சரியாகச் சாப்பிடுகிறாளா? எனக்கு இருமல் நின்றுவிட்டது.

போனில் பேசினால் என் கலக்கத்தைக் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். பரணை ஒழிக்கும்போது நம் ஹம்சாவின் கிட்டார் கை நழுவி விழுந்து, கழுத்து முறிந்துவிட்டது. ரிப்பேர்காரர் யாராவது உண்டா என்று கேட்க வாட்ச்மேனிடம் போய், "பையா, பேட்டி கா கர்தன் டூட் கயா" என்று என் அரைகுறை ஹிந்தியில் சொன்னேன். கிட்டார் என்ற சொல்லை விட்டுவிட்டேன். பெண்ணின் கழுத்தே முறிந்ததாக நினைத்து அவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

ஜனக்புரியில் ஒருவர் திருகாணி போட்டு முடுக்கிவிடலாம் என்கிறார். இன்னொருவர் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார், என்றைக்குத் தருவார் என்று மட்டும் சொல்ல மறுக்கிறார். இத்தனை வருடம் ஊரையே விசாரித்துச் செய்தி எழுதியவனுக்கு நம்பகமான ஓர் ஆளை விசாரிக்கத் தெரியவில்லை. நானே ஒட்டலாமென்று பசை வாங்கினேன். கோணலாக ஒட்டிவிட்டால் பிறகு யாராலும் சரிசெய்ய முடியாதாம். மூடியைத் திறக்கக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹம்சா வருவதே கிட்டாரை எடுத்துப்போகத்தான், என்னோடு பேச அல்ல. அவளுக்குப் பிடித்த வத்தக்குழம்புக்குப் பொடி எவ்வளவு போட வேண்டும் என்று சொல். கிட்டார் முறிந்ததை நீயே அவளிடம் சொல்லிவிடு. சொல்லிவிட்டு, ஆனாலும் வரச் சொல். நான் கூப்பிட்டால் அவள் எடுப்பதில்லை.

கூரியர் கடையை மூடப்போகிறார்கள்.

உன்,
ரங்கன்